எம்பாயேவின் சைக்கிள் என்ன விலைக்குப் போகும்?

அஸ்மாரா
14 ஜனவரி 2007

அன்புத் தங்கை லெம்லெமுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். மேட்டில் ஏற முடியாதவன் ஓட்டும் சைக்கிள் மாதிரி வரிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகின்றன. ஓர் எழுத்து யானை, பக்கத்து எழுத்து எலி. ஆனாலும் கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன். ஏனென்றால் இதை எழுதுவது தபால் நிலைய வாசலில் மேஜை போட்டுக் காசுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் கிஃப்லே இல்லை. நான்தான். உன் அண்ணன் எம்பாயே, என் கையால்.

நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி குறைந்ததா? நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாள் சுகமா? நானும் உன் அண்ணி அல்கனேஷும் கடவுள் புண்ணியத்தில் நலம். ஞானஸ்நானத் திருநாள் நெருங்குகிறது, குளிர் காதைக் கடிக்கிறது.

மரியம் கோயில் வளாகத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். போனேன். நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், ஏழு பிள்ளைகள் அல்லவா? எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெரியாமல் மழைக்காலம் முழுவதும் திண்டாடினேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது ரொட்டிக்கடைப் பலகை தானாக என்னிடம் பேசியது. அன்றிலிருந்து எதையும் விடுவதில்லை. “ரோட்டுல இருக்கற போர்டையெல்லாம் சத்தம் போட்டு வாசிச்சுக்கிட்டு வராதீங்க, மானம் போகுது” என்கிறாள் உன் அண்ணி. “எழுபது வருசம் சும்மா இருந்துச்சுல்ல போர்டு, இனிமே இருக்காது” என்றேன்.

இப்போது காரியம். ஒவ்வொரு திருநாளுக்கும் நீ எழுதுகிறாய், விமானக் கட்டணம் அதிகம், அடுத்த வருஷம் வருகிறேன் என்று. முப்பத்திரண்டு அடுத்த வருஷங்கள் போய்விட்டன. என்னிடம் இருக்கும் ஒரே சொத்து என் பந்தய சைக்கிள். அது இத்தாலியில் பிறந்தது. பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் அங்கே உண்டு என்று இங்கே சொல்கிறார்கள். உன் ஊரில் ஒரு கடைக்காரரிடம் என்ன விலைக்குப் போகும் என்று விசாரி. அதை விற்று உன் பயணச் சீட்டை வாங்குவோம். அல்கனேஷுக்கும் சம்மதம். நீ வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று மாலை பிடித்தது. விரல் வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை.

உன் அண்ணன்
எம்பாயே


போலோன்யா
6 பிப்ரவரி 2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். முழங்கால் படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் சின்யோரா படுத்த படுக்கைதான், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறார்.

உறையின் மேல் தெரியாத கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, நின்றுகொண்டே பிரித்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். கிஃப்லே எழுதுவதை ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன், அண்ணா. அதில் வாசிக்க ஒன்றும் இருக்காது. உங்களுடையதை ஒரு மாலை முழுவதும் வாசித்தேன்.

எங்கள் தெருக்கோடியில் சின்யோர் தோஸி என்பவர் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். எடுத்த எடுப்பில் விலை சொல்ல முடியாதாம். ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது, யார் மாற்றினார்கள், எல்லாம் தெரிய வேண்டுமாம். முதலில் சக்கரங்களைப் பற்றிக் கேட்கிறார். அவசரமில்லை. நிதானமாக, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை
லெம்லெம்


அஸ்மாரா
25 பிப்ரவரி 2007

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நானே வாசித்தேன். ஒரு வார்த்தைக்காகக்கூட பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. நீயும் நலம், சின்யோராவும் நலம், நல்லது. எங்களுக்கும் குறையில்லை.

சின்யோர் தோஸி சரியான ஆள். கேட்க வேண்டியதைக் கேட்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று சைக்கிளை மெதெபெர் சந்தைக்கு, ஸெமுய் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஸெமுய்யை உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் நமக்குப் பஞ்சர் ஒட்டிய கண்ணாடிக்காரரின் மகன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

அவன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பிரேமின் ஒவ்வொரு குழாயையும் நகத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். மூட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று எச்சில் தொட்டுத் தடவினான். பிறகு நிமிர்ந்து சொன்னான்: “பெரியப்பா, பிரேம் மட்டும்தான் பெத்த புள்ள. மத்தது பூரா தத்து.”

“தத்துப் புள்ளைக்கு வெல கம்மியா?”

“இத்தாலிக்காரனுக்குக் கம்மி. நமக்கு அப்படியில்ல.”

அவன் சொன்னது சரிதான். பின்சக்கரம் என்னுடையதே இல்லை. தெகெம்ஹாரே பந்தயத்தன்று, திரும்பி வரும் ஏற்றத்தில் என் டயர் படுத்துவிட்டது. டியூப்போடு சேர்த்துத் தைத்த டயர், ரோட்டில் உட்கார்ந்து ஒட்ட முடியாது. பின்னால் வந்த ஒக்பாய் இறங்கினான். எங்கள் குழுவில் நான் முன்னால் இருந்தேன். தன் சக்கரத்தைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, என்னுடைய செத்த சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். அன்று நான் இரண்டாவதாக வந்தேன். தெருமுனையில் தண்ணீர்ப் புட்டியோடு நீ நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? புட்டியைக் கொடுக்காமல் கை தட்டிக்கொண்டே இருந்தாய். சக்கரத்தை அவன் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவனுக்கு என்னுடையது சரியாகப் பொருந்திவிட்டது.

விற்பதற்கு முன் கேட்க வேண்டுமே என்று ஒக்பாய் வீட்டுக்குப் போனேன். காது மந்தம், வாய் மந்தமில்லை. “என் சக்கரத்த வித்து உன் தங்கச்சிக்கு டிக்கெட்டா? அப்ப பாதி வழி அவ என் சக்கரத்துலதான் வர்றா! வந்ததும் மொத காப்பி எங்க வீட்டுலன்னு எழுது” என்றான். எழுதிவிட்டேன்.

முன்சக்கரத்தின் ஆரங்களில் சில மழைக்குடையின் கம்பிகள். அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். விலை என்ன சொன்னார் என்று எழுது.

அண்ணன்
எம்பாயே


போலோன்யா
17 மார்ச் 2007

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் எட்டிப் பார்க்கிறது.

குடைக் கம்பியைச் சொன்னேன். சின்யோர் தோஸி விழுந்து விழுந்து சிரித்தார். விலையைக் கடைசியில் சொல்வாராம். இப்போது உட்காரும் சீட்டைப் பற்றிக் கேட்கிறார், பழைய சீட்தானா, மாற்றியதா என்று. மணி இன்னும் அதே மாதிரி அடிக்கிறதா என்றும் கேட்டார். தெருமுனையில் ரொட்டிக்கடை இருக்கிறதா என்றும்.

ஒக்பாய் அண்ணாவுக்கு என் வணக்கம். நான் தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்காதது உண்மை. அது காலி. வெயிலில் காத்திருந்து நானே குடித்துவிட்டேன்.

தங்கை
லெம்லெம்


அஸ்மாரா
5 ஏப்ரல் 2007

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நாளை பெரிய வெள்ளி. கோயிலில் விழுந்து விழுந்து கும்பிட்டதில் முதுகு பிடித்துக்கொண்டது, அதனால் உட்கார்ந்து எழுத இது நல்ல நேரம்.

சின்யோர் தோஸியிடம் சொல். ரொட்டிக்கடை இருக்கிறது, மகன் நடத்துகிறான், ரொட்டி சிறிதாகிவிட்டது. மணி அதே மாதிரி அடிக்கிறது. கிண்ணத்தில் கொஞ்சம் துரு, குரல் மாறவில்லை. அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாதல்லவா? நீ எடுத்துச் சொல். நான் சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. “பாம்பு மாதிரி வந்து நிக்கற. தெருமுனையில மணி அடி, அப்பதான் நான் அடுப்புல தாய்தா ரொட்டிக்கு மாவு ஊத்துவேன்” என்றாள். தனியாக வந்தால் ஒரு முறை. பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைப் பாரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தால் இரண்டு முறை, அதை நீதான் அடிப்பாய். ஒன்றுக்கு ஒரு தாய்தா, இரண்டுக்கு இரண்டு.

சீட்டுக்கு வருகிறேன். இது நீளம்.

உள்ளே இருக்கும் இரும்பும் சுருளும் இத்தாலி. மேலே இருக்கும் தோல் அம்மா தைத்தது. அவள் போவதற்கு முந்தைய வருஷம் பழைய தோல் கிழிந்துபோனது. அப்போது போர், சந்தையில் உப்புக்கே ஆளாய்ப் பறந்தோம், சீட்டுக்கு எங்கே போவது? அம்மா பெட்டியைத் திறந்து, நம் இருவரையும் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாளே, சோழி வைத்துத் தைத்த தோல், அதை எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். “பெட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிக்குது. ரெண்டு பேரச் சுமந்த தோலு, உன் ஒருத்தனத் தாங்காதா?” என்றாள். சோழிகளைப் பிரித்துத் துணியில் முடிந்து, “இது அவளுக்கு” என்று வைத்தாள். முடிச்சு அப்படியே இருக்கிறது.

அம்மாவின் கடைசி நாளைப் பற்றி நான் உனக்குச் சொன்னதில்லை. சொல்ல முடியவில்லை, லெம்லெம். அன்று கிஃப்லே முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு வரிசை. “அம்மா இளைப்பாறினாள்” என்றேன். எழுதிவிட்டு, “அடுத்தது?” என்றான். பின்னால் நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். “நாங்கள் நலம்” என்றேன். அவ்வளவுதான் உனக்கு வந்தது.

இப்போது வரிசை இல்லை. சொல்கிறேன். அன்று காலை அம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்தது. நீ போலோன்யாவில் இருக்கிறாய், சாலை மூடியிருக்கிறது, வர முடியாது, எல்லாம் தெரிந்துதான் பேசினாள். “அவ வரலன்னு யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது” என்று அல்கனேஷிடம் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். “தெருமுனைக்குப் போயி ரெண்டு தடவ அடி. சும்மா கேக்கணும் போல இருக்கு.” போனேன். ரொட்டிக்கடை முன்னால் நின்று இரண்டு முறை அடித்தேன். திரும்பி வந்தபோது கண் மூடியிருந்தாள், மூச்சு இருந்தது. “மாவு எடுத்து வை, ரெண்டு பேரும் வந்துட்டாங்க” என்று சொன்னதாக அல்கனேஷ் சொன்னாள். மதியம் போய்விட்டாள்.

சீட் பழையதா மாற்றியதா என்று சின்யோர் தோஸி கேட்டால், எப்படிச் சொல்வாயோ சொல்.

அண்ணன்
எம்பாயே


அஸ்மாரா
27 மே 2007

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஈஸ்டர் போய்விட்டது, தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். உனக்கு உடம்பு சரியில்லையா? சின்யோராவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? எழுதியிருக்கக் கூடாததை எழுதிவிட்டேனோ என்று அல்கனேஷிடம் கேட்டேன். “எழுதக் கத்துக்கிட்டீங்க, எப்ப நிறுத்தணும்னு கத்துக்கல” என்றாள். ஆனால் அன்று இரண்டாவது சுற்றுக் காப்பியை எனக்குத்தான் முதலில் ஊற்றினாள்.

நாங்கள் நலம். ஒரு செய்தி. பெரிய சாலையில் புதிதாகக் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒரு பையன் சைக்கிளைக் கேட்டு வந்தான். நல்ல விலை சொல்கிறான். சுவரில், காப்பி இயந்திரத்துக்கு மேலே தொங்கவிடப் போகிறானாம். நான் டயருக்குக் காற்று அடிக்கப் பம்பை எடுத்தேன். “காத்தெல்லாம் வேணாம் தாத்தா, தொங்கப் போறதுதானே” என்றான்.

எனக்கு அது என்னவோ போல் இருந்தது. ஆனால் நீ வர வேண்டும். அவன் ஜூன் கடைசி வரை பொறுப்பேன் என்றான். சின்யோர் தோஸி விலை சொல்லாவிட்டால் இவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு வரியாவது எழுது.

அண்ணன்
எம்பாயே


போலோன்யா
10 ஜூன் 2007

அன்புள்ள அண்ணா,

நான் நலம். பயப்பட வேண்டாம். சின்யோரா போன மாதம் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் இலையுதிர் காலம் வரை நான் இங்கேயே இருக்கலாம் என்றார்கள். பெரிய வீடு, மேசைக்கு ஒரே ஒரு தட்டு எடுத்து வைக்கிறேன்.

காப்பிக்கடைப் பையனிடம் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. சின்யோர் தோஸி இன்னும் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஹேண்டில்பாரைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாம் கேட்டுத்தான் விலை சொல்வார்.

சீட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்.

தங்கை
லெம்லெம்


அஸ்மாரா
1 ஜூலை 2007

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு உயிர் வந்தது. சின்யோராவின் ஆத்மா சாந்தியடையட்டும். நம் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். நாங்கள் நலம். மழை தொடங்கிவிட்டது.

காப்பிக்கடைப் பையனிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். “வேற யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?” என்றான். “போலோன்யாவுல ஒருத்தர் கேக்கறாரு” என்றேன். ஸெமுய் பின்னால் திரும்பி நின்று சிரித்தான்.

போர்க்: நெஃபாசித் இறக்கத்தில் பனிமூட்டம், எதிரே கழுதை. கழுதைக்கு ஒன்றுமில்லை, என் போர்க் வளைந்தது. ஸெமுய்யின் அப்பா அதை நெருப்பில் காட்டி நிமிர்த்தினார். இன்றும் கையை விட்டால் சைக்கிள் இடது பக்கம் சாயும், அந்தப் பக்கம் சுவா பீர்க் கடை இருந்தது என்பதற்காக இல்லை. ஹேண்டில்பாரின் இடது வளைவில் நீ பல்லால் கடித்த தடம் இருக்கிறது. பாரில் உட்கார்ந்து வந்தபோது நான் திடீரென்று பிரேக் போட்டேன், நீ குனிந்திருந்தாய். பால்பல். அழவில்லை. வீடு வரும் வரை மணி அடித்துக்கொண்டே வந்தாய்.

இவ்வளவுதான் பாகங்கள். கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. அதனால் இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்தேன். ஸெமுய் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “எந்த இத்தாலிக்காரன் பெரியப்பா, பிரேமுக்கு அடியில இருக்கற நம்பரக் கேக்காம மணியக் கேப்பான்?” என்றான். நானும் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பந்தய சைக்கிளுக்கு ஏது மணி? உலகத்தில் ஒருவனும் வைக்கமாட்டான், எடை கூடும். நான் உனக்கு எழுதிய எந்த வரியிலும் அதுவரை மணி என்ற சொல்லே இல்லை. என் சைக்கிளில் மணி உண்டு என்று தெரிந்த ஆள் போலோன்யாவில் ஒருவர்தான்.

கேட்பது நீ என்று தெரிந்த பிறகுதான் சீட்டைப் பற்றி எழுதினேன். கடைக்காரருக்காக இருந்தால் “தோல் மாற்றப்பட்டது” என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

இனி அவர் பெயரில் கேட்காதே. உனக்கு என்ன வேண்டுமோ உன் பெயரிலேயே கேள். நானும் கேட்கிறேன்: ஏன் வரவில்லை, லெம்லெம்? டிக்கெட் காசு இல்லை என்று மட்டும் எழுதாதே.

அண்ணன்
எம்பாயே


போலோன்யா
29 ஜூலை 2007

என் அண்ணாவுக்கு,

நலம் விசாரித்து எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

சின்யோர் தோஸி பொய்யில்லை. கடை இருக்கிறது. பிப்ரவரியில் போய்க் கேட்டது உண்மை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் விலை சொல்லிவிட்டார். பாகங்கள் மாறியது, இங்கே கொண்டுவரும் செலவு, எல்லாம் கழித்தால் ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கலாமாம். வீட்டுக்கு வந்து அதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் காரியம் முடிந்தது, உங்கள் கடிதம் நின்றுவிடும், மறுபடி திருநாளுக்குத் திருநாள் நான்கு வரி என்று தோன்றியது. அதனால் சக்கரத்தைக் கேட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

டிக்கெட் காசு எப்போதும் இருந்தது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். “அம்மா இளைப்பாறினாள். நாங்கள் நலம்.” அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு வரியை இருபத்தொரு வருஷம், நீ வராதது எங்களுக்கு மறக்காது என்றே வாசித்து வந்தேன். எந்த முகத்தோடு வந்து வாசலில் நிற்பேன்? ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்த பிறகு பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. சின்யோரா கேட்டார், “யார் செத்துப்போனது?” என்று. “என் அம்மா” என்றேன். “எப்போது?” என்றார். “இன்று” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சிலுவைத் திருநாளுக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன், செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. திரும்பும் தேதி போடவில்லை. ஒரே ஒரு பெட்டி, ஆனால் கனமான பெட்டி. சைக்கிளை விற்க வேண்டாம்.

தங்கை
லெம்லெம்


அஸ்மாரா
17 செப்டம்பர் 2007

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா என்று கேட்க மாட்டேன், நேரில் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் நலம். அல்கனேஷ் சுவருக்கு வெள்ளையடித்து, என்னையும் சேர்த்து அடிக்கப் பார்த்தாள். சோழி முடிச்சு உன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஒக்பாய் காப்பிக் கொட்டை வாங்கிவிட்டான், முதல் காப்பி எங்கள் வீட்டிலா அவன் வீட்டிலா என்று அவனுக்கும் அல்கனேஷுக்கும் சண்டை நடக்கிறது.

சைக்கிள் விலைக் கணக்கும் முடிந்தது. உன் பெட்டி கனமாக இருக்கும் என்றாயே, அதனால் ஸெமுய்யிடம் கொண்டுபோய்ப் பின்னால் கேரியர் வைத்து வெல்டிங் பண்ணச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்தான். “பெரியப்பா, பந்தய பிரேமுல நெருப்பு வைக்கவா? இதுக்கப்புறம் இத்தாலிக்காரன் இல்ல, அந்தக் காப்பிக்கடைக்காரன்கூடத் திரும்பிப் பாக்க மாட்டான். ஒரு ஜோடி செருப்புகூடத் தேறாது.”

“சரி, வை” என்றேன்.

வைத்துவிட்டான். தீப்பொறி பறந்ததைப் பார்க்க மெதெபெரே கூடிவிட்டது. அழகாக இல்லை. மாவு மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன், தாங்குகிறது. பெட்டி கேரியரில், நீயும் நானும் பக்கத்தில் நடந்து வருவோம். பாரில் உட்கார வைக்கும் வயது நம் இருவருக்குமே தாண்டிவிட்டது. ஆனால் ரொட்டிக்கடை வந்ததும் நான் கையை எடுத்துக்கொள்வேன். மணியை நீ அடி. மாவு தயாராக இருக்கும் என்று அல்கனேஷ் சொல்கிறாள்.

இந்தக் கடிதம் போலோன்யா போய்ச் சேரும்போது நீ அங்கே இருக்க மாட்டாய். தெரிந்தேதான் அனுப்புகிறேன், மாலையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன். எனக்கு வாயில் வராமல் கையில் மட்டும் வருகிற சில இன்னும் மிச்சம் இருக்கின்றன. அதற்குத் தபால் தலை வேண்டாம், மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாய், கையிலேயே கொடுக்கிறேன். நீ சத்தம் போட்டு வாசிக்க வேண்டும்.

அண்ணன்
எம்பாயே